விளக்கை அணைக்கச் சொன்னவன்

டிசம்பர் 17

அன்புள்ள அக்கா,

இனி போனை எடுப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டாய் போலிருக்கிறது. மலையில் சிக்னல் இருக்காது என்று முதலில் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நேற்று மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. சிக்னல் இருக்கிறது, உனக்கு மனசுதான் இல்லை என்று புரிந்தது. அதனால்தான் கடிதம். தபால்காரர் உன் சுகாதார நிலையத்துக்கு மருந்துப் பார்சல் கொண்டுவரும்போது இதையும் மேசையில் வைத்துவிட்டுப் போவார். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்கவாவது பிரிப்பாய்.

விடிய விடிய வானத்தைப் படம் எடுத்து முடித்த அன்று காலை, மலையிலிருந்து கீழே இறங்குவதற்கு முன்னால் உன் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். பூட்டு. சரி, அவசரக் கேஸ் ஏதாவது வந்திருக்கும், நர்ஸ் வேலை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பால்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் பூட்டு. மாடுகள் கறக்காமல் கத்திக்கொண்டிருந்தன. அந்த மனுஷர் மாட்டைக் கறக்காமல் எங்கே போனார்? போன வருஷம் எடுத்த நட்சத்திரப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அவருக்காகக் கொண்டுவந்திருந்தேன். அவருடைய மேய்ச்சல் வெளிதானே அது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். பனியில் நனைந்திருக்காது என்று நம்புகிறேன்.

அக்கா, அன்று வானத்தை நீ பார்த்தாயா? டிசம்பர் எரிகல் மழையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இப்படி ஒன்று விழுந்ததில்லை. ஒன்று மறைவதற்குள் அடுத்தது. ஒன்று பச்சையாக எரிந்து, நடுவில் வெடித்து, போன பாதையில் புகை மாதிரி ஒரு கோட்டைத் தொங்கவிட்டது. கூட்டமே 'ஆ' என்றது.

ஆமாம், கூட்டம். உன் கோபத்துக்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். என் படங்களைப் போடும் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கே திரும்ப வேண்டும், எந்த வளைவில் வண்டியை நிறுத்தலாம் என்று கேட்டார்கள், எழுதினேன். ஒருவர் வந்து, "சார், அந்தப் படம் எடுத்தது நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் பூசிக்கொண்டு ஏறுகிறவனை யார் சார் என்று கூப்பிட்டார்கள் இதுவரை?

நடுவில் ஏதோ ஒரு வேன் மட்டும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து படங்களை வெளுக்கடித்தது. கொஞ்சம் சத்தம் போட வேண்டியதாயிற்று. மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் இந்தத் தடவை என் படத்தை அட்டையிலேயே போடுகிறார்கள்.

குப்பைதான் பிரச்சினை என்றால் சொல். வந்து நானே பொறுக்குகிறேன்.

உன் தம்பி


டிசம்பர் 23

தம்பிக்கு,

நான் போனை எடுக்காததற்குக் காரணம் உன் குரல். அதைக் காதில் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. காகிதத்தில் என்றால் சமாளிக்கலாம் என்று எழுதுகிறேன்.

நீ 'ஏதோ ஒரு வேன்' என்று எழுதியிருப்பது எங்கள் நிலையத்து ஆம்புலன்ஸ். உள்ளே படுத்திருந்தவர் பால்காரர்.

அன்று இரவு தொழுவத்துக்குப் போனவர் தடுமாறி விழுந்திருக்கிறார். அவர் மனைவி ஓடிவந்து என்னை எழுப்பினார். போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தூக்கவில்லை. பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறது. சீக்கிரம் போட்டால் கை வரும், பேச்சு வரும். நேரமாக ஆகப் பலன் குறையும். வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அவர் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மேய்ச்சல் வெளிப் பக்கம் வந்ததும் பாதையின் இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். அங்கே ஒரு ஆள் வந்து விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினான். பின்னாலேயே பத்துப் பேர். வண்டி முன்பக்கத்தைத் தட்டினார்கள். ஓட்டுநர் சின்ன வயசு, மிரண்டுபோய் அணைத்துவிட்டான். இருட்டில் ஊர்ந்து போய் வளைவில் முன்சக்கரம் வடிகாலில் இறங்கிவிட்டது. ஆட்களைத் திரட்டித் தூக்கி நிறுத்துவதற்குள் நேரம் ஓடிப்போயிற்று. கீழே டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த ஊசி போட முடியாதும்மா" என்றார்.

உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை. வலது பக்கம் இல்லை.

சைரன் ரிப்பேர். எழுதிப் போட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை. நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்பதற்காக நானே சொல்லிவிடுகிறேன்.

படம் நனையவில்லை. அவர் மனைவி அதை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்.

இங்கே வர வேண்டாம்.

அக்கா


டிசம்பர் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே யாரோ மாடி பட்டனை அழுத்தி அழுத்திச் சலித்துப்போய்ப் படியில் ஏறிவிட்டார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

என்ன எழுதுவது? வருத்தம் என்று எழுதினால் அது துக்கம் விசாரிக்க வந்தவன் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அக்கா, எனக்கு எப்படித் தெரியும்? இருட்டில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான். அதற்கு முன்னால் வந்த எத்தனையோ கார்களிடமும் இதையேதான் சொன்னோம், அணைத்தார்கள். கண் இருட்டுக்குப் பழக நேரம் ஆகும், ஒரு வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு. அங்கே வந்த எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும்தான் கத்தினார்கள். யார் முதலில் கத்தியது என்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் ஒரு வார்த்தை, "உள்ளே பேஷன்ட் இருக்கார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைரனைப் பற்றி நான் பேசவில்லை, நீ சொல்லிவிட்டாய். ஆனால் ஆம்புலன்ஸ் என்று ஒன்று வைத்துக்கொண்டு சைரன் இல்லாமல் ஓட்டுவது யார் தப்பு?

வழியை எழுதியது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அட்டைப் படம் அச்சுக்குப் போய்விட்டதாம். நிறுத்த முடியுமா என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப அழுத்திக் கேட்கவில்லை.

பால்காரரைப் பார்க்க நான் வரட்டுமா? கூச்சமாக இருக்கிறது. ஆனால் வராமல் இருப்பதும் அசிங்கமாக இருக்கிறது. நீ வா என்றால் வருகிறேன்.

தம்பி


ஜனவரி 11

தம்பிக்கு,

உன் கடிதத்தில் எத்தனை 'ஆனால்' என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் கை சோர்ந்து விட்டுவிட்டேன்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். பால்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய எதுவும் இல்லை என்று அர்த்தம். காலையில் அவர் மனைவி அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தொழுவத்துக்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறார். அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மனைவி கறப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டுவதிலேயே தெரியும். ஏதோ தப்பாகச் செய்கிறார் போலிருக்கிறது, என்ன என்று சொல்ல அவரால் முடியாது. சிறுநீர் போகக் குழாய் போட்டிருக்கிறது. அதை நான்தான் போய் மாற்றுகிறேன். பெருமையாக வாழ்ந்த மனுஷர். நான் மாற்றி முடிக்கும் வரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். மேய்ச்சல் வெளி முனையில் ஒரு கம்பம் நட்டு, பெரிய விளக்கு போட்டுவிட்டார்கள். சாயங்காலம் எரிய ஆரம்பித்தால் விடிகிற வரை எரிகிறது. இனிமேல் அங்கே ஒரு நட்சத்திரமும் தெரியாது. உனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படும்.

ஓட்டுநருக்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டியதற்காக. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் இப்போது யோசிக்கிறார்களாம்.

என்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. முன்பெல்லாம் தலைவலி என்றால்கூட வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு, "வரேங்க சிஸ்டர்" என்று மரியாதையாகப் போய்விடுகிறார்கள். வருஷா வருஷம் வந்து என் வீட்டில் தங்கிப் படம் எடுக்கிறவன் யார் என்று தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. அந்தக் கூட்டத்தைக் கூப்பிட்டவன் நீ என்பது தெரியும். கத்தியது யார் என்பது மட்டும் தெரியாது.

மாற்றல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். எங்கே கொடுத்தாலும் போகிறேன்.

நீ வர வேண்டாம். அவரைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு நீ இறங்கிப் போய்விடுவாய். அதற்கப்புறம் இங்கே இருக்க வேண்டியவள் நான்.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

இந்தக் கடிதத்தில் 'ஆனால்' இருக்காது.

பத்திரிகை வந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு வந்து, அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். "எப்படிய்யா உனக்கு இவ்ளோ இருட்டு கெடைச்சுது? நம்ம தெருவுல நிலாவே மங்கலாத்தான் தெரியுது," என்று ஒருவர் கேட்டார். கிடைக்கவில்லை, மிரட்டி வாங்கினேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சிரித்து வைத்தேன். எல்லாருக்கும் நான் டீ வாங்கித்தர வேண்டும் என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அக்கா, அந்த டீயை நானும் குடித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த இரவின் படங்களை முதலிலிருந்து திறந்து பார்த்தேன். அட்டையில் இருப்பது ஒரே சொடுக்கில் எடுத்தது இல்லை என்று உனக்குத் தெரியும். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு விடிய விடிய ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருக்கும். எரிகல் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி, ஒரே வானத்தில் சேர்ப்போம். வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன படங்களைத் தனியாக ஒதுக்கியிருந்தேன். அழிக்கவில்லை. இப்போது திறந்தேன்.

இடது ஓரத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அடுத்த படத்தில் பெரிதாகிறது. அதற்கடுத்ததில் நிற்கிறது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கறுப்பாக ஓர் ஆள். காது மூடிய குல்லாய் போட்டிருக்கிறான். நீ பின்னிக் கொடுத்த குல்லாய். வேறு யாரும் பக்கத்தில் இல்லை, மற்றவர்கள் எல்லாம் பின்னால்தான் வருகிறார்கள். அதற்கடுத்த படத்தில் இருட்டு. அருமையான இருட்டு.

அதற்கப்புறம் வருகிற படங்கள்தான் அந்த இரவிலேயே நல்ல படங்கள். பச்சையாக எரிந்து வெடித்தது என்று எழுதினேனே, அட்டையின் நடுவில் இருப்பது அதுதான். அது விழுந்தபோது நீங்கள் வடிகாலில் இருந்தீர்கள். ஆட்கள் கும்பலாக வளைவுப் பக்கம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். கூட்டம் கலைகிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நான் கேமராவை விட்டு நகரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. வேன் என்று உனக்கு எழுதியது பொய். இருட்டில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி என்று எழுதியதும் பொய். நான் பக்கத்தில் போனேன். முன்பக்கத்தைக் கையால் அறைந்தவன் நான்தான். அங்கே இடவலம் மாற்றி எழுதியிருக்கும் 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தைப் பார்த்தேன், படித்தேன். காலி வண்டி, டிரைவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதும்போதே அதுவும் பொய் மாதிரி இருக்கிறது. நான் எதையும் நினைக்கவில்லை. எனக்கு இருட்டு வேண்டியிருந்தது.

ஓட்டுநர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எழுதினேன். அவன் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் விடவில்லை.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் படித்துவிட்டு மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நேற்றுத்தான் மறுபடி எடுத்தேன். உன்னைத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் உன்னைவிட மோசம்.

'ஒரு ஆள் வந்து கத்தினான்' என்று எழுதினேன் அல்லவா? எழுதும்போதே அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நீ கத்திய முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலத்திலிருந்தே ஊரில் புகைச்சல். கார்கள் வந்துகொண்டே இருந்தன. நிலையத்தில் மருந்து வாங்க வந்தவர்கள், "எவன் சிஸ்டர் இந்தக் கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டது? மாடு மெரளுது, குழந்தை தூங்கல," என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குள் எல்லாரும் போய்விடுவார்கள், பேச்சு அடங்கிவிடும் என்று இருந்தேன். பிறகு ராத்திரி அந்த இடத்துக்கு வண்டி வந்தது, நீ கத்தினாய். ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, "யாரு சிஸ்டர் இந்தப் பைத்தியக்காரன்?" என்றான்.

என் தம்பி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஜன்னல் இருந்தது. கண்ணாடியை இறக்கி ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ நின்றிருப்பாய். சின்ன வயசிலிருந்தே அப்பா அதட்டினால் ஓடுவாய், நான் கூப்பிட்டால் நிற்பாய். கூட்டத்தையும் நீயே விலக்கி விட்டிருப்பாய். இறக்கவில்லை. பால்காரரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கவனிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நீ என்னைப் பார்த்துவிடக் கூடாது, இவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அது மட்டும்தான் கவலை. நர்ஸ் வேலை பார்க்கிறவள். கையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விசாரணையிலும், 'கூட்டத்தினர் வற்புறுத்தியதால்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மறித்தது யார் என்று சொல்லாத அந்த ஒரு வரியால்தான் பழி ஓட்டுநர் மேல் விழுந்து அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். யார் என்று கேட்டதற்கு, இருட்டில் தெரியவில்லை என்றான் அவன். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இது ஓட்டுநருக்குத் தெரியாது. பால்காரர் மனைவிக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ வர வேண்டாம் என்று நான் எழுதியதற்கும் இதுதான் காரணம். நீ வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்.

மார்ச் நடுவில் மாற்றல் விஷயமாகத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சில நாள் ஊரில் இருக்க மாட்டேன். கிடைத்துவிட்டால் சாமான்களை எடுக்க மட்டும் மலைக்கு வருவேன்.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் எழுதாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

ஆறுதல் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நான் மலைக்குப் போனேன். உன் முன்னால் நின்று சொல்லத் தைரியம் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கீழே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். வண்டியை மறித்தது, முன்பக்கத்தை அறைந்தது, ஓட்டுநரைப் பேச விடாதது எல்லாம் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வண்டிக்கு முன்னால் நான் கையைத் தூக்கி நிற்கும் படத்தையும் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அங்கே இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போலீஸ் கேஸ் ஆகலாம், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றார்.

பிறகு பஸ் பிடித்து மேலே போனேன். பால்காரர் தொழுவத்துக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். முகம் மலர்ந்தது, பாதி முகம். வாயைக் கூட்டி, பெருமுயற்சியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"போடா."

உள்ளேயிருந்து அவர் மனைவி பால் கேனைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரத்துலேருந்து அந்த ஒரு வார்த்தைதான் வருது. நாப்பது வருஷத்துல ஒருத்தர வாடா போடான்னு கூப்பிட்டதில்ல. இப்போ டாக்டருக்கும் அதான், மாட்டுக்கும் அதான். எனக்கும் அதான்," என்றார். அவர் சிரித்தார். பால்காரரும் சிரித்தார். எல்லாருக்கும் பொதுவான வார்த்தைதான். எனக்குச் சொன்னது மட்டும் சரியான இடத்தில் வந்து விழுந்தது.

நான் அந்த அம்மாவிடம் கேன் கழுவும் இடத்தில் நின்றே சொன்னேன். அன்று வண்டியை நிறுத்தியது யார் என்று ஆரம்பித்தேன். அவர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தெரியும்," என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"நீங்கதான்னு தெரியும். நானும் அந்த வண்டியிலதானே இருந்தேன். எத்தன வருஷமா எங்க வீட்டுல டீ குடிச்சிட்டுப் போயிருக்கீங்க. குரல் தெரியாதா?"

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொன்னா இவருக்குக் கை வந்துடுமா?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க அக்காவுக்கும் தெரிஞ்சுது. அவங்க மொகத்தப் பாத்தேன். இப்போ கண்ணாடிய எறக்குவாங்க, இப்போ கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குக் கத்த வாய் வரல. இவரு தலை என் மடியில இருந்துச்சு. அவங்க கத்துவாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். விழக்கூட அவர் இடம் தரவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். மறைத்தால், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நீ வேறு ஊருக்குப் போய்விடுவாய். அந்த அம்மா தனக்குத் தெரியும் என்பதோடு அங்கேயே இருப்பார். அது சரியில்லை என்று பட்டது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

ஊருக்குத் திரும்பியதும் உன் கடிதம்தான் மேசையில் இருந்தது. மாற்றல் உத்தரவும் என் பையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. குழாய் மாற்றும் நாள் வரட்டும் என்று அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். எப்போதும் போலப் பையை எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும் போல அவர் மனைவி, "வாங்க சிஸ்டர், உக்காருங்க," என்றார். வெந்நீர் வைத்திருந்தார், துண்டு மடித்து வைத்திருந்தார். நான் போகிற நாளில் எல்லாமே தயாராக இருக்கும். எவ்வளவு பொறுப்பான அம்மா என்று நினைத்திருக்கிறேன்.

பால்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையை முடித்தேன். கையைக் கழுவினேன். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா பாலை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி எழுதினான். உங்களுக்குத் தெரியும்னு," என்றேன்.

"ம்."

"தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? இத்தன நாளா வந்து போயிட்டு இருக்கேன்."

அவர் வடிகட்டுவதை நிறுத்தவில்லை. "கேட்டா நீங்க வர்றத நிறுத்திடுவீங்களோன்னு பயம். குழாய் மாத்த இந்த மலையில வேற யாரு இருக்கா?"

தம்பி, என்னை அவர் திட்டியிருக்கலாம். மன்னித்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை. அந்த வெந்நீரும் மடித்த துண்டும் "உக்காருங்க சிஸ்டர்" என்பதும் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. புருஷனை இந்த நிலைக்கு விட்டவள் இவள் என்று தெரிந்து, இவள் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பயந்து பயந்து உபசரித்திருக்கிறார். நான் செய்கிற உதவிக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டு நான் அதை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் எங்கயும் போகலைம்மா," என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அது என் பக்கத்து நியாயமாக ஆகியிருக்கும். மாற்றல் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். விசாரணைக்கும் எழுதியிருக்கிறேன், குரல் தெரிந்தும் சொல்லவில்லை என்று. என்ன செய்வார்களோ செய்யட்டும். ஓட்டுநர் நேற்று வேலையில் சேர்ந்துவிட்டான். என்னைப் பார்த்து "வணக்கம் சிஸ்டர்" என்றான். அவனிடம் உண்மையைப் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வர வேண்டும்.

நீ ஞாயிற்றுக்கிழமை வா. அவரைக் கீழே கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். மாதம் ஒரு தடவை வந்துவிட்டுப் போவதற்குப் பெயர் வருவது இல்லை. வாராவாரம் என்றால் வா, இல்லையென்றால் வேண்டாம். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "வரட்டும்," என்றார்.

நான் கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். ஏதோ சொல்ல நினைத்துத் தயங்கினார். என்னிடம் முதல்முறையாக ஒன்று கேட்கப் போகிறார் என்று நின்றேன்.

"சிஸ்டர், வேலைய முடிச்சதும் அவர் மொகத்தப் பாக்காமலே போயிடறீங்க. அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கறது வெக்கத்துனால இல்ல. நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான். அவருக்கு அது வருத்தம். சொல்லத்தான் முடியல."

பையை அங்கேயே வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடியும் உள்ளே போனேன்.

அக்கா